பறக்கும் தட்டுப் படங்களை ஆராயும் கருவிகள்: எதை நம்பலாம், எதை ஒதுக்கலாம்

மொட்டை மாடியில் நின்று எடுத்த ஒரு படம். கருநீல வானம், நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு. குழுவில் வந்து விழுந்த பத்தாவது நிமிடம் யாராவது அதைப் பெரிதாக்கி, கான்ட்ராஸ்ட்டை ஏற்றி, சிவப்பு வட்டம் போட்டு, "விளிம்பு தெரியுது பாருங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேலை அங்கேயே கெட்டுப்போகிறது. பொட்டுக்குள் பார்க்க ஒன்றும் கிடையாது. எப்போது எடுத்தது, எங்கே நின்று எடுத்தது, எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது என்ற மூன்றும் கையில் இருந்தால் விடை அநேகமாகக் கிடைத்துவிடும். அவை இல்லையென்றால் எத்தனை மென்பொருளில் போட்டுக் கடைந்தாலும் வெண்ணெய் திரளாது.

ஆகவே இங்கே ஒவ்வொரு கருவிக்கும் ஒரே கேள்விதான்: அந்த மூன்றில் எதைக் கண்டுபிடிக்க உதவுகிறது?

அளவுகோல் சரியானதுதானா என்று கேட்பவர்களுக்கு இரண்டு பழைய வழக்குகள். 2012 ஆகஸ்டிலிருந்து 2013 பிப்ரவரி வரை லடாக் எல்லையில் ஓர் ஏரிக்கு மேலே அடையாளம் தெரியாத வெளிச்சங்களைப் பார்த்ததாக இந்தியப் படையினர் 329 முறை பதிவு செய்தார்கள். உளவு ட்ரோன் என்ற சந்தேகம் வலுவாக இருந்தது. இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், அந்த வெளிச்சம் எந்த நேரத்தில், எந்தத் திசையில், எவ்வளவு உயரக் கோணத்தில் தெரிகிறது என்ற கணக்கை வைத்துப் பார்த்தார்கள். ஒன்று வியாழன் கிரகம், இன்னொன்று வெள்ளி கிரகம். யாரும் எதையும் பெரிதாக்கிப் பார்க்கத் தேவைப்படவில்லை.

இதற்கு நேரெதிர், பெல்ஜியத்தின் பெட்டி-ரெஷேன் படம். 1990இல் எடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒரு ஸ்லைடு. கரிய முக்கோணம், மூலைகளில் வெளிச்சம். இருபது ஆண்டுகளுக்கு மேல் அதைப் பல ஆய்வாளர்கள் வருடி, நிறம் பிரித்து, வெளிச்சத்தின் வடிவத்தை அளந்து பார்த்தார்கள். போலி என்று அடித்துச் சொல்லக்கூடிய எதுவும் அகப்படவில்லை. 2011 ஜூலையில் எடுத்தவரே தொலைக்காட்சிக்கு வந்து, தெர்மாகோலை வெட்டிப் பெயின்ட் அடித்துச் செய்த பொம்மை என்று சொல்லி முடித்தார். படத்துக்குள் எவ்வளவு தோண்டினாலும் இவ்வளவுதான்.

எக்ஸிஃப்டூல்

முதல் மதிப்பெண் இதற்குத்தான். எப்போது, எங்கே, எந்தக் கேமராவில் எடுத்தது என்று படக்கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் குறிப்புகளை (எக்ஸிஃப்) படித்துக் காட்டும் இது, ஃபில் ஹார்வி 2003இலிருந்து எழுதிவரும் இலவச மென்பொருள். தோற்றம் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து; அழகுக்கு ஒன்றும் கிடையாது. விண்டோஸில் படக்கோப்பை அதன் ஐகான் மேல் இழுத்துப் போட்டாலே முழுப் பட்டியலும் விரியும். போனில் கேலரி காட்டும் நாலு வரியை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்பவர்கள், இது காட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட வரிகளை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது "டேட்டைம் ஒரிஜினல்". "ஃபைல் மாடிஃபை டேட்" என்று மேலே தெரிவதை நம்பாதீர்கள். அது கோப்பு கடைசியாக நகலெடுக்கப்பட்ட நேரமாக இருக்கலாம். அடுத்து "ஆஃப்செட் டைம்" என்ற வரி. அதில் கூட்டல் 5:30 என்று இருந்தால் அந்த நேரம் இந்திய நேரம். அந்த வரியே இல்லாத கேமராக்களில், குறிப்பாகப் பழைய டிஎஸ்எல்ஆர்களில், கடிகாரத்தை யார் எப்போது வைத்தார்கள் என்று சொல்ல முடியாது. அப்படியானால் கேமராவையே வாங்கி, சரியான நேரம் காட்டும் ஒரு திரையைப் படமெடுத்து, படத்தில் தெரியும் நேரத்துக்கும் எக்ஸிஃபில் பதிந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். போன் படமாக இருந்து இருப்பிடம் இயக்கத்தில் இருந்திருந்தால் "ஜிபிஎஸ் டைம்ஸ்டாம்ப்" என்று தனியாக ஒரு நேரம் இருக்கும். அது உலகப் பொது நேரம். 5:30 கூட்டினால் முதல் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

வீடியோவில் ஒரு குழி இருக்கிறது. எம்பி4, மூவ் வகைக் கோப்புகளில் "கிரியேட் டேட்" பெரும்பாலும் உலகப் பொது நேரத்திலேயே எழுதப்படும். இரவு 7:00 மணிக்கு எடுத்த வீடியோ மதியம் 1:30 என்று காட்டும். "சாட்சி பொய் சொல்கிறார்" என்று கிளம்பும் பல சண்டைகளின் மூலம் இந்த ஐந்தரை மணி நேரம்தான்.

திசைக்கு "ஜிபிஎஸ் இமேஜ் டைரக்‌ஷன்". ஐபோன்கள் இதைப் பதிகின்றன. ஆண்ட்ராய்டில் பல மாடல்களில் இருக்காது. இருந்தாலும் போனின் திசைகாட்டி, கார் பக்கத்திலோ கம்பி போட்ட கைப்பிடிச் சுவர் பக்கத்திலோ 10, 20 டிகிரி பிசகும். குத்துமதிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு வசதி: எக்ஸிஃபுக்குள் பதுங்கியிருக்கும் சின்ன முன்னோட்டப் படத்தைத் தனியாக வெளியே எடுக்கலாம். சில எடிட்டிங் மென்பொருள்கள் பெரிய படத்தை மாற்றிவிட்டு இந்தக் குட்டிப் படத்தை அப்படியே விட்டுவிடும். பெரியதில் தட்டு, குட்டியில் வெறும் வானம் என்றால் வேறு எதுவும் பார்க்க வேண்டாம்.

குறையும் உண்டு. இது படிக்க மட்டுமல்ல, எழுதவும் தெரிந்த கருவி. நேரம், இடம், கேமரா பெயர் எல்லாவற்றையும் யாரும் மாற்றலாம். அதனால் எக்ஸிஃப் இருக்கிறது என்பதாலேயே படம் நிஜமாகிவிடாது. முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் கேட்டு வாங்குங்கள். வரிசை எண் தொடர்கிறதா, அதே கேமராவின் மற்றப் படங்களில் கேமரா நிறுவனம் தானாக எழுதிவைக்கும் தயாரிப்பாளர் குறிப்புகள் இதிலும் இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். ஒரு படத்தை மாற்றுவது சுலபம். பத்துப் படத்தை முரணில்லாமல் மாற்றுவது கொஞ்சம் சிரமம்.

எந்தக் கருவிக்கும் முன்னால் ஒரு விஷயம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் இதெல்லாம் ஒன்றுமே இருக்காது. சுருக்கும்போதே எக்ஸிஃபைத் துடைத்துவிடுகிறது. "டாக்குமென்ட்" ஆக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது கேபிளில் எடுங்கள். ஐபோன் என்றால் லைவ் போட்டோ இருந்ததா என்று கேளுங்கள். இருந்தால் படத்துக்கு முன் ஒன்றரை நொடி, பின் ஒன்றரை நொடி அசையும் காட்சியும் சேர்ந்தே வரும். அந்த மூன்று நொடியில் பூச்சி பூச்சியாகவே பறந்துபோவதைப் பார்த்துவிடலாம்.

கூகுள் எர்த் ப்ரோவும் ஒரு கால்குலேட்டரும்

திசைகாட்டியை நம்ப முடியாது என்றால் திசை எப்படிக் கிடைக்கும்? படத்தில் தெரியும் தண்ணீர்த் தொட்டி, செல்போன் கோபுரம், கோயில் கோபுரம், எதுவானாலும் சரி. கூகுள் எர்த் ப்ரோ இலவசம். எடுத்தவர் நின்ற இடத்திலிருந்து அந்தத் தொட்டிக்கு அளவுகோலால் ஒரு கோடு இழுத்தால், கோட்டின் திசைக்கோணத்தை, அதாவது வடக்கிலிருந்து எத்தனை டிகிரி என்பதைச் சொல்லிவிடும். நின்ற இடத்தை ஐந்து மீட்டர் துல்லியத்தில் வைத்து, 500 மீட்டருக்கு அப்பால் உள்ள பொருளைத் தேர்ந்தெடுத்தால் பிழை அரை டிகிரி அளவில் நிற்கும். பக்கத்து வீட்டுத் தூணைக் குறியாக வைத்தால் பிழை பல டிகிரிக்குப் போய்விடும்.

தொட்டியிலிருந்து பொட்டு எத்தனை பிக்சல் தள்ளி இருக்கிறது என்பதை டிகிரியாக மாற்றுவதுதான் மொத்த வேலையின் மையம், அதற்குத் தனியாக ஆப் எதுவும் வேண்டாம். எக்ஸிஃபில் "35 மிமீக்கு இணையான குவியத் தூரம்" இருக்கும். 4032 × 3024 பிக்சல் படம், 26 மிமீ என்று வைத்துக்கொள்வோம். மூலைவிட்டம் 5040 பிக்சல். அதை 26ஆல் பெருக்கி 43.3ஆல் (35 மிமீ ஃபிலிம் சட்டத்தின் மூலைவிட்டம், மில்லிமீட்டரில்) வகுத்தால் சுமார் 3,030. இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். படத்தின் நடுப்பகுதியில் ஒரு டிகிரிக்கு 53 பிக்சல் (3,030ஐ 57.3ஆல் வகுத்தால் வரும்). தொட்டிக்கு வலப்புறம் 400 பிக்சல் தள்ளிப் பொட்டு இருந்தால் ஏழரை டிகிரி. ஓரங்களில் லென்ஸ் இழுப்பதால் இந்தக் கணக்கு பிசகும். அல்ட்ராவைடு லென்ஸ் என்றால் கூடுதலாகவே. ஜூம் செய்திருந்தால் "டிஜிட்டல் ஜூம் ரேஷியோ" வரியையும் பார்க்க மறக்காதீர்கள்.

பொருளின் அளவைத் தூரத்தால் வகுத்து அதே 3,030ஆல் பெருக்கினால் அது எத்தனை பிக்சலில் விழும் என்று தெரியும். முழுநிலா 27 பிக்சல். போனில் எடுத்த நிலா ஏன் கடுகாகத் தெரிகிறது என்பதற்கு விடை இதுதான். 39.5 மீட்டர் நீளமுள்ள ஒரு போயிங் 737, பக்கவாட்டில் 10 கிலோமீட்டர் தூரத்தில், 12 பிக்சல். 35 சென்டிமீட்டர் ட்ரோன் 100 மீட்டரில், 11 பிக்சல். 7 மில்லிமீட்டர் ஈ, கேமராவுக்கு 2 மீட்டர் முன்னால், அதுவும் 11 பிக்சல். மூன்றும் படத்தில் ஒரே அளவுக் கறை. "இது பிரம்மாண்டமாக இருக்கிறது" என்று பொட்டை மட்டும் பார்த்துச் சொல்பவர் தூரத்தைத் தன் மனதில் தானே போட்டுக்கொண்டிருக்கிறார்.

கணக்கின் வலிமைக்கு ஓர் உதாரணம் அமெரிக்கக் கடற்படையின் "கோஃபாஸ்ட்" வீடியோ. அதில் ஒரு பொருள் கடல்மட்டத்தை ஒட்டி அசுர வேகத்தில் போவதாகத் தோன்றும். திரையின் ஓரத்திலேயே விமானத்தின் உயரம், கேமராவின் கோணம், பொருளுக்கான தூரம் எல்லாம் எண்ணாக ஓடிக்கொண்டிருக்கின்றன. 2023 செப்டம்பரில் வெளியான நாசா குழு அறிக்கை அந்த எண்களை எடுத்துக் கோணக்கணக்குப் போட்டது. பொருள் கடல்மட்டத்தை ஒட்டி இல்லை, சுமார் 13,000 அடி உயரத்தில் இருந்தது. வேகம் மணிக்குச் சுமார் 40 மைல். வேகமாகப் போனது படம் பிடித்த விமானம்.

ஸ்டெல்லேரியம்

கொடுத்த இடத்தில், கொடுத்த நேரத்தில் வானத்தில் எது எங்கே இருந்தது என்று வரைந்து காட்டும் மென்பொருள். கணினிப் பதிப்பு இலவசம், போன் பதிப்பை விட அதுவே ஆராய்ச்சிக்கு ஏற்றது. எஃப்6 அழுத்தி இடம், எஃப்5 அழுத்தி நேரம். அவ்வளவுதான் தேவை. இடத்தோடு நேரமண்டலமும் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். வானம் நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி சுழல்கிறது. ஐந்தரை மணி நேரம் தவறினால் 82 டிகிரி. கிழக்கில் இருக்க வேண்டிய கிரகம் உச்சியில் நிற்கும். பிறகு கூகுள் எர்த்தில் கிடைத்த திசைக்கோணத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் போதும். எந்த நட்சத்திரத்தைச் சொடுக்கினாலும் திசைக்கோணமும் உயரக்கோணமும் எழுதிவரும்.

மாலை மேற்கில், அதிகாலை கிழக்கில் அசையாமல் எரியும் பொட்டுக்கு முதல் சந்தேகம் வெள்ளி. ஆனால் வெள்ளி சூரியனை விட்டு 47 டிகிரிக்கு மேல் விலகாது. நள்ளிரவில் தலைக்கு மேல் என்று சாட்சி சொன்னால் அது வெள்ளி இல்லை. அங்கே வியாழனைத் தேடுங்கள். வெள்ளியை எல்லாவற்றுக்கும் பதிலாகத் தூக்கிப்போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் பொட்டைப் பெரிதாக்குபவர்களின் சோம்பேறித்தனத்துக்கு அண்ணன் தம்பிதான்.

செயற்கைக்கோள்களைக் காட்டும் செருகுநிரல் இருக்கிறது. இங்கேதான் ஸ்டெல்லேரியம் ஆளைக் கவிழ்க்கும். அது இறக்கிவைத்திருக்கும் சுற்றுப்பாதைத் தரவு இன்றைக்கானது. மூன்று மாதத்துக்கு முந்தைய படத்துக்கு அதே தரவை வைத்துப் பின்னோக்கி ஓட்டினால் செயற்கைக்கோள் இருக்கும் இடம் கன்னாபின்னாவென்று மாறும். இணையச் சேவைக்கான ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் அடிக்கடி உந்துவிசையால் பாதையைத் திருத்திக்கொள்வதால் அவற்றுக்கு ஒரு வாரம் பழையதே அதிகம். படம் எடுத்த நாளுக்கான தரவை ஸ்பேஸ்-ட்ராக் தளத்தில் பதிவு செய்துகொண்டு எடுத்துப் போட வேண்டும். பதிவு இலவசம், தேடுவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

ஸ்டார்லிங்க் என்றால் எல்லோரும் மணிமாலைபோல வரிசையாகப் போகும் வெளிச்சத்தைத்தான் நினைக்கிறார்கள். 2019 மே மாதத்தில் முதல் தொகுதியாக 60 செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டபோது தொடங்கிய காட்சி அது. ஏவிய சில நாட்களுக்குத்தான் அந்த வரிசை. அதைவிட அதிகம் ஏமாற்றுவது இன்னொன்று: நள்ளிரவை ஒட்டி, தொடுவானத்துக்குச் சற்று மேலே, ஒரே இடத்தில் வெளிச்சம் மெல்ல எழுந்து, சில நொடி எரிந்து, அணைந்து, மறுபடி பக்கத்தில் இன்னொன்று எழும். சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 40 டிகிரி அளவில் இருக்கும்போது, சூரியன் இருக்கும் பக்கத்திலேயே இது தெரியும். விமானிகளே பலர் இதைப் படம்பிடித்துக் குழம்பியிருக்கிறார்கள். சூரியனின் ஆழக்கோணத்தை ஸ்டெல்லேரியம் ஒரு சொடுக்கில் சொல்லிவிடும். இந்த ஒன்றுக்காகவே அதைக் கணினியில் வைத்துக்கொள்ளலாம்.

ஃப்ளைட்ரேடார்24, ஏடிஎஸ்-பி எக்ஸ்சேஞ்ச்

விமானங்கள் 1090 மெகாஹெர்ட்ஸில் தங்கள் இடத்தை ஒலிபரப்ப, தரையிலுள்ள ஏற்பிகள் அதைப் பிடித்து வரைபடத்தில் போடுகின்றன. இரண்டுக்கும் அடிப்படை இதுதான். ஃப்ளைட்ரேடார்24இன் திரும்ப ஓட்டிப் பார்க்கும் வசதி மிக எளிது. நேரம் உலகப் பொது நேரத்தில் இருப்பதை மட்டும் மறக்கக்கூடாது. ஏடிஎஸ்-பி எக்ஸ்சேஞ்ச் பார்க்க அசிங்கமாக இருந்தாலும், உரிமையாளர் கேட்டுக்கொண்டதற்காக விமானத்தை மறைக்கும் வழக்கம் அதில் இல்லை. ராணுவ விமானம் ஒன்று ஒலிபரப்பியிருந்தால் அகப்பட அங்கேதான் வாய்ப்பு அதிகம்.

"அசையாமல் நாலு நிமிடம் நின்றது, விமானம் நிற்குமா?" என்ற கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது. ஓடுதளத்துக்கு நேராக இறங்கிவரும் விமானம், தரையிறங்கும் விளக்கைப் போட்டுக்கொண்டு, அந்தக் கோட்டின் அடியில் நிற்பவரை நோக்கியே வருகிறது. வேகம் நொடிக்கு 72 மீட்டர் என்றால் 20 கிலோமீட்டரைக் கடக்க நாலரை நிமிடத்துக்கு மேல். அவ்வளவு நேரமும் பார்ப்பவர் கண்ணுக்கு அது ஒரே இடத்தில் பிரகாசம் கூடிக்கொண்டே போகும் பொட்டு. திரும்பியதும் விளக்கு மறைந்துவிடும். "சட்டென்று மறைந்தது" என்பார்கள். திரும்ப ஓட்டிப் பார்க்கும்போது விமானம் எங்கே இருந்தது என்று மட்டும் பார்க்காமல், அதன் மூக்கு எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்றும் பாருங்கள்.

வரைபடத்தில் ஒன்றும் இல்லை என்பது வானத்தில் ஒன்றும் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. ஏற்பி இல்லாத பகுதி, ஒலிபரப்பை நிறுத்திய ராணுவ விமானம், ட்ரோன், பலூன், ஆகாய விளக்கு எதுவும் தெரியாது. ஏவுகணையும்தான். 2022 டிசம்பர் 15 மாலை ஒடிசா கடற்கரையிலிருந்து அக்னி-5 சோதிக்கப்பட்டபோது மேற்கு வங்கத்தில் பல இடங்களில் வானத்தில் விசித்திர வெளிச்சம் என்று படங்கள் பரவின. தரையில் இருட்டிய பிறகும் மேலே சூரிய ஒளி இருக்கும், புகை அதில் பற்றி எரிவதுபோல் தெரியும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அந்திவேளையில் ராக்கெட் கிளம்பினாலும் இதே காட்சிதான். அதனால் இஸ்ரோ ஏவுதல் நேரம், விமானிகளுக்கான நோட்டாம் அறிவிப்பு, இரண்டையும் கைமுறையாகத் தேடத்தான் வேண்டும்.

பலூனும் அப்படியே. வானிலைத் துறை நாள்தோறும் காலை, மாலை 5:30 மணிக் கணக்குக்காகக் கருவி பலூன்களை ஏவுகிறது; ஏவுவது அந்த நேரத்துக்குச் சற்று முன்பே. ஹைதராபாத்தில் உள்ள டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் பலூன் தளம் அனுப்பும் பெரிய பாலித்தீன் பலூன்கள் 30 கிலோமீட்டருக்கு மேலே மிதப்பவை. அவ்வளவு உயரத்தில், நமக்குச் சூரியன் மறைந்து கிட்டத்தட்ட அரை மணி நேரம் வரை வெயில் படும். இருண்டுவரும் வானில் ஒற்றை வெள்ளை முத்து, நகராமல். இதைப் பரிசோதிக்க அன்றைய மேல்காற்றின் திசை வேண்டும்; வயோமிங் பல்கலைக்கழகத் தளத்தில் சென்னை மீனம்பாக்கம் உட்பட உலக நிலையங்களின் காற்றுப் பதிவு உயர வாரியாகக் கிடைக்கிறது. பொருள் காற்றுக்கு எதிரே போயிருந்தால் பலூன் கிடையாது.

சிட்ரெக்

மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே திரையில் சேர்க்க மிக் வெஸ்ட் உருவாக்கிய இலவச வலைச் செயலி. கேமரா நின்ற இடம், அது பார்த்த கோணம், அன்றைய விமானப் பாதைக் கோப்பு, அன்றைய செயற்கைக்கோள் தரவு, நட்சத்திரங்கள் எல்லாவற்றையும் முப்பரிமாண நிலப்பரப்பில் ஏற்றி, வீடியோவைப் பக்கத்திலேயே ஓட்டலாம். கணித்த விமானம் வீடியோவில் உள்ள பொட்டோடு நகர்ந்துபோவதைப் பார்த்தால் விவாதம் முடிந்துவிடும்.

ஆனால் புதியவர்களுக்குப் பரிந்துரைக்க முடியாது. மெனுக்கள் காடாகக் கிடக்கின்றன, பழைய மடிக்கணினியில் திணறும், கோணத்தைத் தவறாகக் கொடுத்தால் தவறையும் அதே அழகோடு வரைந்து காட்டும். கால்குலேட்டரில் ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவர்கள் மட்டும் இதற்கு வாருங்கள். ஒற்றைப் புகைப்படத்துக்கு இது தேவையும் இல்லை. அசையும் காட்சிக்குத்தான் இதன் அருமை தெரியும்.

கருவி இல்லாமலே மூன்று சோதனை

லென்ஸ் பிரதிபலிப்பு: படத்தில் தெருவிளக்கோ நிலாவோ பளிச்சென்று இருந்தால், அதிலிருந்து படத்தின் நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுங்கள். மறுபக்கம் அதே தூரத்தில் உங்கள் பச்சைப் பொட்டு இருந்தால் அது லென்ஸுக்குள் நடந்த பிரதிபலிப்பு. ஏழு விளக்கு இருந்தால் ஏழு பொட்டு, தலைகீழ் வரிசையில். "எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியவில்லை, படத்தில்தான் தெரிந்தது" என்று சாட்சி சொன்னால் முதலில் இதைச் செய்யுங்கள். படத்தை வெட்டியிருந்தால் நடுப்புள்ளி தொலைந்துபோகும், சோதனையும் செல்லாது. பக்க நீளங்கள் கேமராவின் முழு அளவுக்கு ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தாலே வெட்டியது தெரிந்துவிடும்.

கை நடுக்கம்: இரவில் போன் ஒரு நொடி, மூன்று நொடி என்று ஒளியை வாங்குகிறது. பொட்டு புழுப்போல வளைந்திருந்தால், கீழே தெருவிளக்கும் அதே வளைவில் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒரே கையெழுத்து என்றால் ஆடியது கை. தெருவிளக்கு கூர்மையாக இருந்து பொட்டு மட்டும் கோடாக இருந்தால்தான் அது நகர்ந்த பொருள். அந்தக் கோட்டின்மேல் சம இடைவெளியில் பிரகாசமான புள்ளிகள் இருந்தால் விமானத்தின் மின்னும் விளக்கு.

குவியம் தவறியது: குவியத்தில் இல்லாத ஒளிப்புள்ளி, லென்ஸ் திறப்பின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். வட்டத் திறப்பு என்றால் வட்டத் தட்டு, முக்கோணத் திறப்பு என்றால் முக்கோணக் கப்பல். அமெரிக்கக் கடற்படையினர் இரவுப் பார்வைக் கருவி வழியே எடுத்த பச்சை முக்கோணங்கள் பெரும் பரபரப்பாகின. அந்த வடிவம் கேமராவும் இரவுப் பார்வைக் கருவியும் சேர்ந்து உண்டாக்கியது என்றும், பொருள்கள் ட்ரோன்கள் என்று கருதுவதாகவும் 2022 மே மாதம் நாடாளுமன்ற விசாரணையில் கடற்படை உளவுப் பிரிவு அதிகாரியே விளக்கினார். வடிவத்தை வைத்து எதையும் சொல்லாதீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல படம் இல்லை.

ஃபோட்டோஃபோரன்சிக்ஸ்

எல்லோரும் முதலில் ஓடும் தளம் இது, கடைசியாகப் போக வேண்டிய தளமும் இதுதான். தளத்தின் மேல் குற்றம் இல்லை. அதைப் படிக்கும் விதத்தில்தான் கோளாறு. படத்தைத் தெரிந்த தரத்தில் மறுபடி ஜேபெக்காகச் சுருக்கி, முன்னதற்கும் பின்னதற்கும் எங்கே எவ்வளவு வித்தியாசம் என்று வெளிச்சமாகக் காட்டுகிறது. ஒட்டுவேலை செய்த பகுதி வேறு அளவில் சுருங்கியிருந்தால் தனித்துத் தெரியக்கூடும் என்பது கருத்து.

சிக்கல் என்னவென்றால், கூர்மையான விளிம்பு எதுவானாலும் இந்த முறையில் பளிச்சென்றுதான் தெரியும். வெறும் வானத்தின் நடுவே நிஜ விமானம் இருந்தாலும் மின்னும், நிஜக் காகம் இருந்தாலும் மின்னும். அதைக் காட்டி "ஒட்டியது" என்று தீர்ப்பு எழுதுபவர்கள் ஏராளம். மறுபக்கம், வாட்ஸ்அப்பில் இரண்டு கை மாறிய போலிப் படத்தில் எல்லாப் பகுதியும் ஒரே மாதிரி நசுங்கி, "எங்கும் வித்தியாசம் இல்லை, அசல்" என்று தோன்றும். போதாததற்கு இப்போதைய போன்களே படத்தைக் கூட்டி, கலந்து, கூர்மையாக்கித்தான் சேமிக்கின்றன. சந்தேகத்தை உறுதிப்படுத்த வேறு வழி இருக்கும்போது துணைச்சான்றாக மட்டும் வையுங்கள்.

நெகட்டிவ் காலத்துப் படங்களுக்கும் இதே பாடம் பொருந்தும். 1950 மே 11 அன்று அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், மெக்மின்வில் ஊருக்கு அருகிலுள்ள பண்ணையில் எடுத்த இரண்டு படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. 1968இல், அமெரிக்க விமானப்படையின் நிதியில் பறக்கும் தட்டுச் செய்திகளை ஆராய்ந்த காண்டன் குழுவுக்காக வில்லியம் ஹார்ட்மன் நெகட்டிவில் பொருளின் அடிப்பகுதி எவ்வளவு வெளிறியிருக்கிறது என்று அளந்தார். இடையில் உள்ள காற்று வெளிறவைத்திருந்தால் பொருள் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது தர்க்கம். தூரத்துப் பொருள் என்ற பக்கமே அவர் கணக்கு சாய்ந்தது. பிறகு ராபர்ட் ஷீஃபர் பொருளை விட்டுவிட்டு, கொட்டகைச் சுவரில் விழுந்த நிழலைப் பார்த்தார். மாலையில் எடுத்ததாகச் சொன்ன படத்தில் நிழல் காலை வெயிலுக்கு உரியதாக இருந்தது. மேகம் சிதறிய ஒளியால் அப்படித் தெரியலாம் என்று புரூஸ் மெக்கபி மறுத்தார். 2013இல் பிரான்சின் ஐபாக்கோ குழு, மேலே மின்கம்பியிலிருந்து பொருளை நோக்கி நூல் இருக்கிறதா என்று அந்தக் கோட்டில் உள்ள பிக்சல்களின் ஒளியைக் கூட்டிச் சராசரி எடுத்துப் பார்த்து, நூலில் தொங்கிய சிறு மாதிரி என்ற முடிவுக்கு வந்தது. ஒரே நெகட்டிவ், ஒளி அளவைக்குள் இரண்டு எதிர்முடிவுகள். சண்டை போடத் தகுந்த ஆதாரமாக நின்றது நிழலும் கம்பியும், அதாவது நேரமும் இடமும்.

ஐபாக்கோ மென்பொருளைப் பற்றி ஒரு வரி: பறக்கும் தட்டுப் படங்களுக்காகவே எழுதப்பட்டது, பிரான்சின் விண்வெளி நிறுவனத்தின் கீழ் இயங்கும் ஜெய்பான் பிரிவு பயன்படுத்துவது. கோணம், தூரம், நூல் தேடல் எல்லாம் ஒரே இடத்தில் உண்டு. கையில் அசல் கோப்பும் கேமராவின் அளவுகளும் இல்லாதவருக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. ஜெய்பானிடமிருந்து உடனே எடுத்துக்கொள்ள வேண்டியது மென்பொருளைவிட அவர்களுடைய ஏ, பி, சி, டி வகைப்பாடு. ஏ என்றால் விடை உறுதி, பி என்றால் அநேகமாக. "தரவு போதவில்லை" என்பது சி. தரவு நன்றாக இருந்தும் விளங்கவில்லை என்பது டி. எக்ஸிஃப் இல்லாத வாட்ஸ்அப் படத்துக்கு அதிகபட்சம் சி தான். அதை டி என்று எழுதினால் மற்ற எல்லாக் கணக்கும் வீண்.

செலவு

எக்ஸிஃப்டூல், ஸ்டெல்லேரியம், கூகுள் எர்த் ப்ரோ, சிட்ரெக் எல்லாம் இலவசம். காசு கேட்பது ஃப்ளைட்ரேடார்24 மட்டும். இலவசக் கணக்கில் 7 நாள் வரை திரும்ப ஓட்டலாம், சில்வரில் 90 நாள், கோல்டில் 365 நாள். ஆண்டுச் சந்தா வேண்டாம். பழைய படம் கைக்கு வரும்போது ஒரு மாதத்துக்கு எடுத்தால் போதும். பணம் கட்டும் முன் எக்ஸிஃபில் உள்ள தேதியிலிருந்து இன்றைக்கு எத்தனை நாள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். 91 என்று வந்தால் சில்வரால் பயனில்லை. 88 என்று வந்தால் இன்றைக்கே திரும்ப ஓட்டி, பாதைக் கோப்பை இறக்கி வைத்துவிடுங்கள். நாளை மறுநாளுக்கு மேல் அது அங்கே இருக்காது.